அமுச்சி சுட்ட கச்சாயமும் என்னோட 48 நாளும்



போன வருஷம் கந்த சஷ்டி முடிஞ்சப்ப நம்ம பக்கத்துல நிறையப் பேர் அவங்கவங்க விரத அனுபவத்தை எழுதியிருந்தாங்க. நானும் எழுதறேன்னு சொல்லிட்டு எழுதாம விட்டுட்டேன். என் விரதம் நல்லபடியாத்தான் முடிஞ்சுது, ஒரு நாள் கூடத் தவறல. ஆனா அதை நினைக்கும்போதெல்லாம் சந்தோஷத்தோட ஒரு உறுத்தலும் சேர்ந்தே வருது. இந்த வருஷம் 48 நாள் கணக்கு ஆரம்பிக்கறதுக்குள்ள அதை எழுதிடணும்னு தோணுச்சு.

2025 சூரசம்ஹாரம் அக்டோபர் 27. அதுல இருந்து பின்னாடி எண்ணி செப்டம்பர் 10-ல விரதம் ஆரம்பிச்சேன். காலையில குளிச்சு கவசம் படிக்கறது, அசைவம் இல்லை, வெங்காயம் பூண்டு இல்லை. இதோட நானா ஒண்ணு சேர்த்துக்கிட்டேன்: 48 நாளும் இனிப்பு தொடறதில்லை. டீக்குக் கூட சர்க்கரை கிடையாது. ஆபீஸ்ல ஆள் குறைப்பு நடந்துட்டிருந்த நேரம். என் டீம்ல நாலு பேர் போயிட்டாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணை விட்டுக் கொடுத்தா முருகன் பார்த்துக்குவான்னு ஒரு கணக்கு. பக்தியா, பயமான்னு கேட்டா ரெண்டும்தான்.

இனிப்பு எனக்கு எவ்வளவு பிடிக்கும்னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் தெரியும். அதுக்குக் காரணமே எங்க அமுச்சிதான். அம்மாவைப் பெத்தவங்க. சென்னிமலைக்குப் பக்கத்துல தோட்டத்துல மாமா வீட்டோட இருக்காங்க. வயசு 78. ஐப்பசி பிறந்தாலே அந்த வீட்டுல வெல்ல வாசம்தான். முறுக்கு, எள்ளுருண்டை, ஒப்புட்டு எல்லாம் உண்டு. ஆனா அமுச்சி பேர் வாங்கினது கச்சாயத்துக்கு. அதிரசம்னு மத்தவங்க சொல்றதை எங்க வீட்டுல கச்சாயம்னுதான் சொல்வோம்.

அது லேசுப்பட்ட வேலை இல்லை. பச்சரிசியை ஊறவெச்சு, வடிச்சு, நிழல்ல துணியில பரப்பி, தொட்டா ஈரம் தெரியணும் ஆனா கையில ஒட்டக் கூடாதுங்கற நேரத்துல எடுத்து மில்லுக்குக் கொண்டு போகணும். தீபாவளிக்கு முந்தின வாரம் மில்லுல வரிசை நிக்கும். ஈர மாவு அரைச்ச மெஷின்ல மிளகாய் அரைச்சிருந்தா அவ்வளவுதான், அதனால அமுச்சி கூடவே போய் நின்னு பார்ப்பாங்க. அப்புறம் வெல்லப் பாகு. கிண்ணத்துல தண்ணி வெச்சு ஒரு சொட்டு பாகை விட்டு, விரல்ல கூட்டினா மெத்துனு உருளணும். அதுக்கு முன்னாடி இறக்கினா எண்ணெயில போட்டதும் பிரிஞ்சு போகும், பின்னாடி இறக்கினா கல்லாயிடும். மாவைக் கொட்டி, சுக்கும் ஏலக்காயும் போட்டுக் கிளறி, சட்டியில மூடி ரெண்டு மூணு நாள் வெச்சாத்தான் தட்டவே முடியும். எண்ணெயில இருந்து எடுத்து ரெண்டு கரண்டிக்கு நடுவுல வெச்சு அழுத்தும்போது மணிக்கட்டு வலி உயிர் போகும்னு அத்தை சொல்வாங்க. (இதெல்லாம் நடக்கும்போது நானும் மாமாவும் திண்ணையில உக்காந்து போன் பார்த்துட்டு இருப்போம். வீட்டுப் பலகாரம் மாதிரி வருமான்னு பேசற ஆம்பளைங்க எல்லாரும் இருக்கற இடம் அந்தத் திண்ணைதான்.)

இன்னொரு விஷயம். அமுச்சிக்குப் பதினஞ்சு வருஷமா சர்க்கரை வியாதி. சுடற கச்சாயத்துல ஒண்ணு கூட அவங்க சாப்பிடறதில்லை. முதல்ல எடுக்கற மூணை முருகன் படத்துக்கு முன்னாடி வெச்சுக் கும்பிட்டுட்டு, அதுல ஒண்ணை என்கிட்ட கொடுத்து, "எப்படி இருக்குது கண்ணு?"ன்னு கேப்பாங்க. சின்ன வயசுல இருந்து வருஷா வருஷம் அந்தப் பதிலைச் சொல்றது என் வேலை. அவங்களால ருசி பார்க்க முடியாது. என் நாக்குதான் அவங்களுக்கு நாக்கு.

அக்டோபர் 20 தீபாவளி திங்கக்கிழமை. சனிக்கிழமையே ஊருக்குப் போயிட்டோம். வீடு நிறைய ஒறம்பரை. நான் உள்ள நுழைஞ்சதும் அமுச்சி தட்டோட வந்தாங்க.

"வேண்டாமுங்க அமுச்சி."

"ஏன் கண்ணு, மேலுக்கு முடியலையா?"

"சாமிக்கு வேண்டுதலுங்க. சஷ்டி முடியற வரைக்கும் இனிப்பு தொடறதில்லைங்க."

தட்டு அப்படியே நின்னுச்சு. அப்புறம் "சாமி காரியம்னா சரி கண்ணு"ன்னு திரும்பிப் போயிட்டாங்க. கோவப்படலை, வற்புறுத்தலை. மாமா பையன் ஒண்ணைத் தின்னுட்டு "சூப்பர்"னான். அமுச்சி அவனை நம்பின மாதிரித் தெரியலை.

அன்னிக்கு ராத்திரி எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, மறைக்க ஒண்ணுமில்லை. இவ்வளவு பெரிய சோதனையிலயும் நின்னுட்டேன்னு குரூப்ல போட்டேன். அரோகரா அரோகரான்னு அறுபது பதில் வந்துச்சு. ஒருத்தர் மட்டும், "அவங்க சாமிக்குப் படைச்சதுதானே, பிரசாதம்னு நினைச்சு ஒரு துண்டு எடுத்திருக்கலாமே தம்பி"ன்னு கேட்டிருந்தார். அப்படி ஒவ்வொண்ணா விட்டுக் கொடுத்தா விரதம் எங்க நிக்கும், நாளைக்கு ஆபீஸ்ல பிறந்தநாள் கேக் வந்தா அதுவும் அன்புதானேன்னு பதில் போட்டேன். அந்த வாதத்துல எனக்கு இன்னிக்கும் நம்பிக்கை உண்டு. அன்பா ஒருத்தர் கேட்டதும் உடையற விரதத்துக்கு விரதம்னு பேரே வேண்டியதில்லை.

ஆனா படுத்ததுக்கு அப்புறம் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. புரட்டாசியில பழனி போயிருந்தேன். மலை மேல பஞ்சாமிர்தம் கொடுத்தாங்க. ஒரு நொடி கூட யோசிக்காம வாங்கி நக்கிட்டேன். விருப்பாச்சி மலைவாழை, நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய். அதை விட இனிப்பு வேற என்ன இருக்கு? 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பிரசாதம், கேக்கவா வேணும். பழனிக்கு நாட்டுச் சர்க்கரை போறது நம்ம ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடியில இருந்து. அமுச்சி வீட்டுக்கு வெல்லம் வர்றதும் அதே சுத்துவட்டாரத்துக் கரும்புல இருந்துதான். அங்க முருகனுக்கு முன்னாடி வெச்சது பிரசாதம். இங்க முருகன் படத்துக்கு முன்னாடி வெச்சது மட்டும் இனிப்பா? ரெண்டுக்கும் நான் வெச்ச வித்தியாசம் முருகனை வெச்சு இல்லை. மலை மேல கொடுத்தா மறுக்கத் தைரியம் இல்லை, அமுச்சி கொடுத்தா மறுக்கலாம். அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க.

விடியற வரைக்கும் இதே யோசனை. பழனிக் கதையும் ஞாபகம் வந்துச்சு. ஒரு வீட்டுல ஒரு பழம் வந்து, அதை யாருக்குக் கொடுக்கறதுங்கறதுல வந்த மனத்தாங்கல்தானே அது. வீட்டை விட்டுக் கோவிச்சுக்கிட்டுப் போனவன் நம்ம ஆளு. தின்பண்டத்துக்காக ஒரு குடும்பத்துல மனசு எவ்வளவு தூரம் கஷ்டப்படும்னு அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே முருகன் வள்ளிகிட்ட கிழவனா வேஷம் போட்டுப் போய் நின்னு, முதல்ல கேட்டது தினைமாவு. அவ கையால வாங்கித் தின்னு, விக்கல் எடுத்து, தண்ணி கேட்டான். கையேந்தி வாங்கித் தின்னறதுல அவனுக்கு வெக்கம் இருந்ததாத் தெரியலை.

காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு வரும்போது அம்மாகிட்ட லேசா இதைச் சொன்னேன். அம்மா சுத்தி வளைக்காம ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "விரதம் எடுத்ததை அமுச்சிகிட்ட எப்பச் சொன்ன?"

சொல்லவே இல்லை.

செப்டம்பர் 10 காலையில வேல் படம் போட்டு "48 நாள் விரதம் ஆரம்பம்"னு ஸ்டேட்டஸ் வெச்சேன். முந்நூறு பேர் பார்த்தாங்க. காலேஜ்ல ஒரு தடவை கூடப் பேசாதவன் வாழ்த்து அனுப்பினான். ஆபீஸ் மேனேஜருக்குத் தெரியும். டீக்கடைக்காரருக்குத் தெரியும். பட்டன் போன் வெச்சிருக்கற அமுச்சிக்கு மட்டும் தெரியாது. அஞ்சு வாரம் இருந்துச்சு. ஒரு போன் பண்ணி, "இந்த வருஷம் கச்சாயம் சஷ்டிக்கு அப்புறம் சுடுங்க அமுச்சி, வந்து தின்னுக்கறேன்"னு சொல்லியிருந்தா, அவங்க மில்லு வரிசையில நிக்கும்போதே அது மனசுல இருந்திருக்கும். விரதத்தை விட்டுக் கொடுக்க வேண்டிய பேச்சே வந்திருக்காது.

கச்சாயத்தைத் தின்னாததுல தப்பில்லைங்கறதுதான் இப்பவும் என் முடிவு. வேண்டிக்கிட்டது வேண்டிக்கிட்டதுதான். தப்பு அதுக்கு அஞ்சு வாரம் முன்னாடியே நடந்து முடிஞ்சிருச்சு. என் வேண்டுதல், என் வேலை, என் பயம், ஆனா அதுக்கான விலையில பாதியைக் கொடுத்தது வேற ஆள், அதுவும் கேக்காமலே. யோசிச்சுப் பார்த்தா அமுச்சி மட்டும் இல்லை. 48 நாள் எனக்குனு தனியாப் பூண்டு வெங்காயம் இல்லாமச் சமைச்சது அம்மா. சஷ்டி அன்னிக்கு நம்ம பக்கம் தண்டு விரதம் முடிப்போமில்லையா, வாழைத்தண்டைப் பொடியா நறுக்கி நார் எடுத்து, ஊறவெச்ச பாசிப்பருப்பும் பழமும் கலந்து வெச்சிருந்ததும் அம்மா. நான் மருதமலையில சூரசம்ஹாரம் பார்த்துட்டு வந்து கையைக் கழுவிட்டு உக்காந்தேன். விரதம் இருந்தது நான்னு எல்லாரும் சொன்னாங்க.

கதை இதோட முடிஞ்சிருந்தா நான் எழுதியே இருக்க மாட்டேன்.

தீபாவளி முடிஞ்சு கிளம்பும்போது அமுச்சி சட்டியைத் திறந்து காமிச்சாங்க. ஏழு உருண்டை மாவு தனியா எடுத்து, நெய் தடவி வெச்சிருந்தாங்க. "பாகு மாவு கெடாது கண்ணு. நீ எப்ப வர்றயோ அப்பச் சூடாத் தட்டித் தர்றேன்." நவம்பர் 1 சனிக்கிழமை கட்டாயம் வர்றேன்னு சொன்னேன்.

27-ஆம் தேதி விரதம் முடிஞ்சுது. 28-ஆம் தேதி டீக்கடையில சர்க்கரை போட்ட டீ குடிச்சேன். ஒண்ணாம் தேதி ஒரு ரிலீஸ் வந்துச்சு, போகலை. அடுத்த வாரம் நண்பன் கல்யாணம். அதுக்கு அடுத்த வாரம் காரணமே ஞாபகமில்லை, தூங்கியிருப்பேன். 22-ஆம் தேதி போனேன். அத்தைதான் சொன்னாங்க, மழை ஈரத்துல மாவு பூசணம் பூத்துப் போச்சு, தென்னமரத்தடியில கொட்டிட்டோம்னு. "தினமும் சட்டியைத் திறந்து மோந்து பார்ப்பாங்க. நீ வர்றதா போன் வந்துச்சான்னு கேப்பாங்க."

அமுச்சி, "போச்சாது போ கண்ணு, மாவுதானே"ன்னாங்க.

அதுதான் அந்த உறுத்தல். அந்த ஐப்பசியில நான் ரெண்டு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். முருகனுக்குக் கொடுத்ததை நாள் கணக்கு, மணிக் கணக்கு தவறாமக் காப்பாத்தினேன். அமுச்சிக்குக் கொடுத்ததை மூணு வாரம் தள்ளிப் போட்டேன். முருகனுக்குக் கொடுத்ததுக்கு அறுபது பேர் அரோகரா சொன்னாங்க. அமுச்சிக்குக் கொடுத்ததை எந்த குரூப்லயும் போடலை. யாரும் பார்க்காத வாக்கை எனக்குக் காப்பாத்தத் தெரியலைன்னா, அந்த 48 நாள் நான் யாரைப் பார்த்துக் கட்டுப்பாடா இருந்தேன்? இதை முருகன்கிட்டயே கேட்டேன். பதில் வரலை, வரும்னு எதிர்பார்க்கவும் இல்லை. வேலை போகலைங்கறதையும் சொல்லிடறேன். ஆனா அதை இதோட முடிச்சுப் போட எனக்கு மனசு வரலை.

கார்த்திகை தீபம் டிசம்பர் 3. முந்தின சனிக்கிழமையே லேப்டாப்போட சென்னிமலை போயிட்டேன். மில்லுக்கு நான்தான் போனேன். பாகு நான்தான் காய்ச்சினேன், அமுச்சி பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து கிண்ணத்துத் தண்ணியைப் பார்த்துட்டே இருந்தாங்க. ரெண்டு தடவை "இன்னும் இல்லை"ன்னாங்க, மூணாவது தடவை "இறக்கு, இறக்கு"ன்னு சத்தம் போட்டாங்க. தீபத்தன்னிக்குக் காலையில தட்டிப் போட்டேன். முதல் ரெண்டும் எண்ணெயில பிரிஞ்சு போச்சு. மாமா பையன் வீடியோ எடுத்தான், வேண்டாம்னு வாங்கி அழிச்சுட்டேன்.

நல்லா வந்த மூணை முருகன் படத்துக்கு முன்னாடி வெச்சுட்டு, ஒண்ணை எடுத்துட்டு அமுச்சிகிட்ட வந்தேன். ருசி பார்க்கறது என் வேலையாச்சே, நானே தின்னு சொல்லலாம்னு நின்னேன். அவங்க கையை நீட்டி ஓரத்துல நகத்தளவு கிள்ளி வாயில போட்டுக்கிட்டாங்க.

"ஏனுங்கத்தே, சக்கரை இருக்குதுங்க உங்களுக்கு!"ன்னு அத்தை உள்ள இருந்து கத்தினாங்க.

"ஏலக்கா தூக்கல்"னாங்க அமுச்சி.