பாம்பின் வாலைப் பற்றுவோர்

அறத்தை வாழ்விற் கொள்ளாது, பிறரைப் பழிக்கவும் வாதில் வெல்லவுமே கற்பவன், பாம்பை வாலிற் பற்றிக் கடியுண்பவனை ஒப்பான் என்று அலகத்தூபம சூத்திரத்தில் பகவான் புத்தர் அருளினார்.

நம் நாட்டுக் கட்சிகள் அரசியலமைப்புச் சட்டத்தைப் பற்றுவதும் அவ்விதமே. மாநில ஆட்சியை நீக்கி ஜனாதிபதி ஆட்சியை நிறுவ இடந்தரும் 356-ஆவது ஷரத்தை நோக்குவோம். அது ஏட்டளவில் நின்றுவிடும் என்றே 1949-இல் அண்ணல் அம்பேத்கர் நம்பினார். ஆயினும் 1959-இல் மத்தியக் காங்கிரஸ் அரசு, கேரளத்துக் கம்யூனிஸ்டு மந்திரி சபையை அதனால் நீக்கிற்று. 1977-இல் ஜனதா அரசு, காங்கிரஸ் ஆண்ட ஒன்பது மாநிலங்களில் அதனையே ஏவிற்று. 1980-இல் மீண்டும் வந்த காங்கிரஸ், மாற்றார் ஆண்ட ஒன்பது மாநில ஆட்சிகளைக் கலைத்தது. ஏவியவரையே பாம்பு தீண்டியது. 1994-இல் பொம்மை வழக்கில் உச்சநீதிமன்றம் வரம்பு கட்டிய பின்னரே அவ்வேகம் தணிந்தது.

இன்று எல்லாக் கட்சியினரும் அந்நூலை உயர்த்திப் பிடித்து, அண்ணலின் படத்துடன் நம் தெருவுக்கு வருகின்றனர். நம் நெஞ்சும் நெகிழ்கின்றது. நாம் கேட்க வேண்டுவது ஒன்றே: நுமக்கு நஷ்டம் நேரும்போதும் இச்சட்டத்திற்குப் பணிவீரோ?

உபாசகர்களே! நமக்கு உவந்த கட்சி வரம்பு மீறுங்கால் நாம் வாய்மூடியிருப்பின், பாம்பின் வாலைப் பற்றிய கை நம்முடையதே.