ஒரு சாண் இடம்

2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிற்றுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் சில வாரங்கள் மூடிக் கிடந்த கோவில்கள் மறுபடியும் திறக்கப்பட்ட காலத்திலே, கண்டி நகரத்துக் கோவில் ஒன்றில், பூசை பாதி நடந்துகொண்டிருந்த வேளையில், முதுகிலே பையோடு ஓர் இளைஞன் பக்கவாசல் வழியாக உள்ளே வந்தான்; எனக்கு முன் வரிசையின் ஓரத்தில் அமர்ந்திருந்த ஒரு தோட்டத்துக் கிழவி, அவனைக் கண்டதும், வாங்கிலே ஒரு சாண் அளவு நகர்ந்தாள். நடந்தது இவ்வளவே. அவன் அமர்ந்தான், பூசை முடிந்தது, எல்லோரும் வீடு திரும்பினோம். ஆயினும், வந்தவனுக்கு இடம் கொடுக்கவா நகர்ந்தாள், வந்தவனை அஞ்சியா விலகினாள் என்ற வினா இன்றுவரை என்னை விட்டபாடில்லை.

அந்நாட்களில் ஒரு பை எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதை அக்காலத்தில் இந்நாட்டில் வாழ்ந்தோர் அறிவர். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவிலிலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் ஒரே காலைப்பொழுதில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கட்டுவாப்பிட்டிக் கோவில் முற்றத்திலே பையைச் சுமந்து நடந்து வந்தவன், எதிர்ப்பட்ட குழந்தை ஒன்றின் தலையைத் தொட்டுவிட்டு உள்ளே நுழைந்த காட்சியைத் தொலைக்காட்சியிலே கண்டு கண்டு எங்கள் கண்கள் புண்பட்டிருந்தன. கண்டிக் கோவிலின் வாயிலில் பொலிஸார் சோதித்தே ஒவ்வொருவரையும் உள்ளே விட்டனர் என்பது அக்கிழவிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் வாங்கு வாங்காகத் தலைகள் திரும்பின. அவள் மட்டும் தலையைத் திருப்பவில்லை. கடைக்கண்ணால் பார்த்தாள், சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்தாள், நகர்ந்தாள்.

சிறுவயதில் ஞானோபதேச வகுப்பிலே எங்கள் உபதேசியார், கடல்மேல் நடந்த பேதுருவின் கதையைச் சொல்லும்போதெல்லாம், அஞ்சியதனால்தான் அவர் அமிழ்ந்தார் என்பதை மேசையைத் தட்டித் தட்டி உணர்த்துவார். விசுவாசம் இருக்கும் உள்ளத்தில் பயம் இராது, பயம் புகுந்த உள்ளத்தை விட்டு விசுவாசம் வெளியேறிவிடும் என்று, ஒரே லயத்து அறையில் இரு குடும்பங்கள் இருக்கவொண்ணாதது போல, நான் அன்று விளங்கிக்கொண்டேன். அவ்விளக்கத்துக்கு ஆயுள் அதிகமில்லை. 1983ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், கண்டியிலே தமிழர் கடைகள் எரிகின்றன என்ற செய்தி கலஹாவுக்கு மேலேயுள்ள எங்கள் தோட்டத்தை எட்டிய இரவில், அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள்ளே போய்ப் பதுங்கினாள். மண் ஈரம், அட்டைகள் கணுக்காலில் ஏறின. எனக்கு இருமல் வந்தபோது, "சத்தம் போடாத ராசா" என்று காதருகே சொல்லித் தன் வலக்கையால் என் வாயைப் பொத்தினாள். கொழுந்துக் கறை ஊறிய அந்தக் கையின் மணம் இப்பொழுதும் எனக்கு எட்டுகிறது. இடக்கையிலே செபமாலை இருந்தது, அது நடுங்கியது, நடுங்கிய வண்ணமே ஒவ்வொரு மணியாக நகர்ந்தது. அவ்விரவில் அம்மா விசுவாசத்தோடு இருந்தாளா, பயத்தோடு இருந்தாளா என்று உபதேசியாரைக் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ அறியேன்.

பிற்காலத்தில் யோசவ் வாஸ் அடிகளாரின் சரித்திரம் ஒன்றைப் படித்தேன், பெரும்பகுதி மறந்துவிட்டது. ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தை ஒடுக்கிய நாளிலே கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, 1692இல் கண்டியை அடைந்து, போர்த்துக்கேய ஒற்றர் என்ற சந்தேகத்தின்பேரில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனால் சிறைவைக்கப்பட்டவர் அவர். 1697இல் இந்நகரத்திலே வைசூரி பரவி, நோயுற்றோரை உற்றாரே காட்டிலே கைவிட்டு ஓடியபோது, அடிகளார் அவர்களுக்குக் குடிசைகள் அமைத்து, சீழ் துடைத்து, உணவூட்டி, இறந்தோரை அடக்கமும் செய்தார். 1711இல் கண்டியிலேயே மரித்தவரை, 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராகப் பிரகடனம் செய்தார். இவையனைத்தும் அந்நூலில் இருந்தன. ஆனால் முதல் குடிசைக்குள் குனிந்து நுழையும்போது அவர் கால் ஒரு கணமேனும் தயங்கியதா என்று தேடினேன். அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. புனிதர் சரிதம் எழுதுவோர் அச்சத்தை மாசு என்று கருதித் துடைத்துவிடுகிறார்கள் போலும். சுவிசேஷகர்கள் அவ்வாறு செய்யவில்லையே! கெத்செமனித் தோட்டத்தில் ஆண்டவரே கலங்கினார், வியர்வை சிந்தினார், அந்தப் பாத்திரம் தம்மை விட்டு நீங்கலாகாதா என்று மன்றாடினார் என்பதை அவர்கள் மறைக்காமல் எழுதிவைத்தார்கள். அந்தத் தோட்டத்துப் பக்கங்களை நான் வாசிக்கையில் என் அம்மாவின் நடுங்கிய கை எனக்கு விசுவாசத்தின் கையாகவே தோன்றுகிறது.

இவ்விடத்திலே நின்றுவிட்டால் மனத்துக்கு ஆறுதலாக இருக்கும். நிற்க இயலவில்லை, ஏனெனில் அச்சம் எப்போதும் அம்மாவின் கையைப் போல் நிரபராதியாக இருப்பதில்லை. 2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, தங்கள் இனம் அழிந்துவிடும் என்ற பயமும் அத்தீக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதத்தில், எங்கள் துயரத்தின் பெயராலேயே, வடமேல் மாகாணத்தில் அது மீண்டும் நடந்தது. கண்டித் தெருக்களிலே நெடுநாள் பழகிய முஸ்லிம் கடைக்காரர்கள் எங்கள் முகத்தைப் பார்க்கத் தயங்கினார்கள், நாங்களும் தயங்கினோம். பையோடு வந்த அந்த இளைஞனுக்குத் தாடி இருந்தது. அது இல்லாதிருந்தால் அத்தனை தலைகள் திரும்பியிருக்குமா? நெற்றியில் சிலுவை வரைந்து அவன் முழந்தாளிட்ட பிறகே கோவில் முழுவதும் மூச்சு விட்டது.

சந்தேகம் அன்புக்கு விரோதமானது என்று தீர்த்துச் சொல்லிவிடவும் மட்டக்களப்பு என்னை விடுவதாயில்லை. சீயோன் தேவாலய வாயிலிலே, பையோடு வந்த அந்நியனை ஐயுற்று, கேள்வி கேட்டு, உள்ளே விடாமல் வெளியே நிறுத்திய ஒருவர் அங்கேயே உயிர்நீத்தார். உள்ளே இருந்த பலர் அதனால் பிழைத்தனர். அவர் ஐயுற்றார், ஆகையால் நேசித்தார் என்பதா? நேசித்தார், ஆகையால் ஐயுற்றார் என்பதா? அவருடைய சந்தேகத்தையும் தியாகத்தையும் பிரித்தெடுக்க என்னால் ஆகவில்லை. அந்தக் கிழவி நகர்ந்த ஒரு சாணையும் அவ்வாறே இரண்டாகப் பிளக்க முடியவில்லை. அவளையே கேட்டிருக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். கேட்டிருந்தால், "தம்பி உக்காரட்டும்னுதான்" என்றிருப்பாள்; அதுவே முழு உண்மை என்று அவளும் நம்பியிருப்பாள்.

ஞாயிறுதோறும் நான் கோவிலுக்குப் போகிறேன். மன்றாட்டு வேளை வரும்போது எனக்கு இன்னும் தடுமாற்றமே. அச்சத்தை அடியோடு எடுத்துவிடும் என்று வேண்டினால், அந்த வாயிலில் நின்றவரை விழித்திருக்கச் செய்ததையும் சேர்த்தே எடுத்துவிடும்படி வேண்டுகிறேனோ என்று நினைக்கிறேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டால், அது நாளை எந்த அயலான்மீது பாயுமோ என்று கலங்குகிறேன். ஆகவே அவ்வேளையில் எதைக் கேட்பது என்று அறியாதவனாகவே முழந்தாளிட்டிருக்கிறேன்.