நற்காரியமும் பரிசுச் சீட்டும்

பாடசாலைக்குக் கட்டடம் வேண்டும், புத்தகசாலைக்குப் புத்தகம் வேண்டும், பொருளோ இல்லை. இந்நிலையில் ஒருவர் எழுந்து, "சீட்டு அச்சிட்டு விற்போம், ஒரு துவிசக்கர வண்டியைப் பரிசாக வைப்போம், பத்து நாளிற் பணம் சேர்ந்துவிடும்" என்கின்றார். சபையிலுள்ளோர் பலரும் உடன்படுகின்றனர். இது சூதாகாதோ என ஐயுறுவார் ஒருவரிருவரே. அவ்வையத்தை நகைத்துத் தள்ளாது ஆசிரியன்மார் ஆராய்தற்பொருட்டு ஈண்டுச் சில எழுதப் புகுந்தோம்.

சூதைக் குறித்து நீதிநூல்கள் பண்டே இருவழிப்பட்டன. மனுதருமசாத்திரம் உயிரில் பொருள் கொண்டு ஆடுவதையும், உயிருள்ளவற்றைப் பொரவிட்டுப் பந்தயம் வைப்பதையும் வேறு பிரித்து, இரண்டையும் அரசன் தன் நாட்டினின்றும் நீக்குக என விதித்தது. கௌடிலியரது அர்த்தசாத்திரமோ, அதற்கென ஓர் அதிகாரியை நியமித்து ஓரிடத்திலே ஆடச்செய்து, வென்ற பொருளில் நூற்றுக்கு 5 பங்கு அரசுக்கு வாங்குக என்றது. இக்காலத்து அரசுகள் பெரும்பாலும் கௌடிலியர் பின்னே செல்கின்றன. இலங்கையிலே 1844ஆம் ஆண்டின் லொத்தர்க் கட்டளைச் சட்டமும் 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டமும் ஒருபுறமிருக்க, 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தினால் தேசிய லொத்தர்ச் சபை நிறுவப்பட்டது. 1968இல் தானே பரிசுச் சீட்டைத் தொடங்கிய தமிழ்நாட்டு அரசு, 2003இல் சீட்டு விற்பனை முழுவதையும் தடுத்தது.

நிற்க. தருமத்தின்பொருட்டு விற்கப்படுஞ் சீட்டை நுணுகி வகுத்த சட்டத்துக்குப் பிரித்தானியாவின் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் ஏற்ற உதாரணமாகும். இலண்டன் முதலிய நகரங்களிற் குடியேறிய நம்மவர் அங்கே சைவாலயங்களும் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளும் நடாத்துகின்றார்களாதலின், அச்சட்டம் நமக்கு முற்றும் அயலானதுமன்று. அச்சட்டப்படி லொத்தராவது யாது? கலந்துகொள்வோர் பணம் செலுத்தவேண்டும். பரிசு இருத்தல் வேண்டும். அப்பரிசு தற்செயலாகவே பங்கிடப்படவேண்டும். இம்மூன்றும் கூடியவழியே லொத்தர். இலாபநோக்கில்லாத சங்கம் சிறு லொத்தர் நடாத்த விரும்பின் உள்ளூர் அதிகாரசபையிற் பதிவுசெய்தல் வேண்டும். ஒருமுறை விற்கப்படுஞ் சீட்டுக்களின் பெறுமதி 20,000 பவுணையும், ஆண்டு முழுவதுக்குமான பெறுமதி 250,000 பவுணையும் விஞ்சலாகாது. தனிப்பரிசு 25,000 பவுணுக்கு மேற்படலாகாது. ஒவ்வொரு சீட்டும் ஒரே விலையினதாதல் வேண்டும். ஐந்து வாங்கினார்க்கு ஒன்று இனாம் என்றல் இல்லை. குலுக்கி மூன்று மாதத்துள், சங்கத்தார் இருவர் கையொப்பமிட்ட கணக்கு அதிகாரசபைக்குச் செல்லல்வேண்டும். வந்த பணத்தில் நூற்றுக்கு 20 பங்காயினும் குறித்த நோக்கத்துக்கே சேரல்வேண்டும்.

இக்கடைசி விதியை ஆசிரியன்மார் சற்றே நின்று நோக்குவாராக. ஒருவர் ஒரு பவுண் கொடுத்து, "நான் பாடசாலைக்கு ஈந்தேன்" என மகிழ்கின்றார். அதில் ஐந்திலொரு பங்கு மாத்திரம் பாடசாலையை அடைந்தாலும் சட்டம் வாளாவிருக்கும். எஞ்சியது பரிசுக்கும் அச்சுக்கூலிக்கும் சென்றிருக்கலாம். ஈதலென்று எண்ணிக் கொடுத்தவர் உண்மையிற் பெரும்பகுதியைப் பந்தயமாகவே வைத்தார். இஃது அவருக்குத் தெரியாதிருத்தலே பெருங்குறை.

இனி, "அடியார் பொருட்டுச் சூதாடிய மூர்க்க நாயனாரை அறுபத்துமூவருள் ஒருவராக வணங்குகின்றோமே, பாடசாலைக்காகச் சீட்டு விற்றல் எங்ஙனம் பிழையாம்?" என வினவுவாருமுளர். வினா நன்று, விடையும் அப்புராணத்திலேயே கிடக்கின்றது. திருவேற்காட்டில் உதித்த அவர் தம்பொருள் முழுவதையும் அடியார்க்கு அமுதூட்டுதலிற் செலவிட்டு, அடிமை நிலம் முதலியவற்றையும் விற்றுத் தீர்ந்தபின்பே, முன் கற்றிருந்த சூதிற் புகுந்தார். ஆடியபோது வைத்தது தம் பொருள், தோல்வியும் தமதே. கும்பகோணத்திலே வென்ற பொருளைத் தாம் தீண்டாது அமுது சமைப்போர் கொள்ளவிடுத்து, அடியாரெல்லாம் உண்டபின் கடைப்பந்தியில் உண்டார். நம் சபையாரோ பிறர் பொருளைப் பந்தயமாக வைக்கின்றனர். தாம் இழக்கக்கடவது ஒன்றுமில்லை. சீட்டு அச்சிடுமுன் அவருள் எத்துணைப்பேர் தம் நிலத்தில் ஒரு பரப்பாயினும் விற்றனர் என நாம் கேட்பின் கோபியார் என நம்புகின்றோம். வென்றதைக் கொடுக்க மறுத்தாரைச் சுரிகையாற் குத்தினமையின் அவர் மூர்க்கர் எனப்பட்டார். அதனைப் பின்பற்றுவோம் என ஒருவருஞ் சொல்லவில்லை. புராணத்தில் ஒருபாதியை மாத்திரம் முன்மாதிரியாகக் கொள்ளுதல் எந்நியாயம்? போற்றப்பட்டது அவரது அன்பேயன்றிச் சூதன்று.

வேறு சிலர், "பரிசு விழுதலும் பிராரத்த வினைப்பயனே, வருவது வந்தே தீரும், இதிற் குற்றம் எங்கே?" என்பர். அங்ஙனமாயின் திருடன் பெற்ற பொருளும் வினைப்பயனென்றே சொல்லல்வேண்டும். நுகர்ச்சி பழவினையால் வருவதாயினும், அதனை நாடிச் செய்யும் முயற்சி ஆகாமியமாய்ப் புதிதாக ஏறும். ஆராயவேண்டுவது பரிசு வந்த வழியன்று. சீட்டை வாங்கியபோது இருந்த எண்ணமே.

இவையெல்லாவற்றினும் எம்மை வருத்துவது மாணவர் பங்காகும். ஆசிரியர் பத்துச் சீட்டுக் கொண்ட புத்தகமொன்றைப் பிள்ளையின் கையிற் கொடுக்கின்றார். பிள்ளை அயல்வீடுகளெங்குந் திரிகின்றது. விற்கப்படாத ஆறு சீட்டையும், திருப்பிக் கொடுக்க நாணித் தந்தையே வாங்குகின்றார். அன்று வீட்டில் வேறொரு செலவு குறைகின்றது. இது விருப்பத்தால் ஈந்ததுமன்று, ஆசையால் ஆடியதுமன்று, ஒருவகை இறையேயாம். அன்றியும், உழைப்பின்றி எண் விழுந்தவனுக்கே பொருள் சேருமென்பதைப் பிள்ளை கண்ணாரக் காண்கின்றது. மறுநாள் வகுப்பிலே முயற்சியின் பயனைக் குறித்து அதே ஆசிரியர் பாடஞ் சொல்லுகின்றார்! பிரித்தானியச் சட்டம் சங்க லொத்தரில் 16 வயதுக்குட்பட்டோரைச் சேர்த்தலைத் தடுக்கின்றது. தேசிய லொத்தருக்கு அவ்வயது 2021இல் 18 ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும் விழாவொன்றில் அவ்விடத்திலேயே விற்கப்படுஞ் சிறு லொத்தருக்கு அனுமதிப்பத்திரமும் வேண்டுவதில்லை, வயதெல்லையும் இல்லை. பாடசாலை விழாக்கள் பெரும்பாலும் இவ்வகையினவே. சட்டம் தன் கையை எடுத்துக்கொண்ட இவ்விடத்திலே பிள்ளைக்குக் காவல் ஆசிரியரன்றி வேறு யார்?

விழாவுக்கு வந்த வளர்ந்தோர், எவரோ அன்பளித்த பொருளொன்றைக் குறித்துத் தம்முட் சீட்டு வாங்கி மகிழ்தலை நாம் கடிந்துரைக்கவில்லை. அதனினும் நேரிய வழியொன்று அச்சட்டத்தினிடையே காணப்படுகின்றது. பணஞ் செலுத்தாதவருஞ் சீட்டுப் பெறக்கூடுமாயின் அது லொத்தராகாது. ஆகவே வந்தாரனைவர்க்கும் ஓரெண் கொடுத்துவிட்டு, கொடைப்பெட்டியை வேறாக வைக்கலாம்; ஈதலும் தற்செயலும் தனித்தனியே நிற்கும். சேருந்தொகை குறையுமென்பர். குறையலாம். முன்னோர் பிடியரிசி எடுத்துச் சேர்த்ததும் சிறுகச் சிறுகவேயாம்.

சீட்டே விற்பதென்று ஒரு சபை துணியுமாயின், நூற்றுக்கு எவ்வளவு பாடசாலைக்குச் சேருமென்பதைச் சீட்டிலேயே அச்சிடுக. அதற்குமுன் தம் நாட்டுச் சட்டம் வேண்டும் அனுமதியை எழுத்திற் பெறுக. புத்தகங்களை மாணவர் கையிற் கொடாது பெற்றோர் சங்கத்தாரே விற்பாராக. கணக்கை அடுத்த மாதக் கூட்டத்திலேயே வாசித்தல் வேண்டும். விற்கப்படாத சீட்டுக்களையும் அடித்துண்டுகளையும் அன்று மேசைமேல் வைக்க.