‘க்ளீன் பண்ணிட்டாங்க’

கரு கலைந்த பெண்ணைப் பற்றி நம் வீடுகளில் ஒரே பேச்சுதான்: “க்ளீன் பண்ணிட்டாங்க.” மருத்துவமனைத் தாளில் ‘டி அண்ட் சி’ என்றிருக்கும். கர்ப்பப்பை வாயை விரித்து உட்சுவரைச் சுரண்டுவது என்று பொருள். சுத்தம் என்ற சொல்லே அதில் இல்லை. சுரண்டுவதைவிட உறிஞ்சி எடுப்பதையே உலக சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைக்கிறது. முறை மாறினாலும் நம் பேச்சு மாறவில்லை.

சுத்தம் செய்தார்கள் என்றால் எது அழுக்கு? முந்தின நாள்வரை பெயர் யோசித்துக்கொண்டிருந்த கருவா, அதைச் சுமந்த பையா?

பழி பழையது. ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்கள் மாதவிடாயைக் ‘கதார்சிஸ்’, அதாவது தூய்மையாக்கம் என்றன. (நாடகம் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியதில் வரும் அதே சொல்.) கழிவு வெளியேறுகிறது என்றால் அதைத் தேக்கி வைத்திருந்தவள் அவள்தானே! 1920இல் வியன்னாவில் பேலா ஷிக், மாதவிடாயிலிருக்கும் பெண் தொட்ட பூக்கள் வாடுகின்றன, அவள் வியர்வையில் நஞ்சு இருக்கிறது என்று எழுதினார். தொண்டை அடைப்பான் நோய்க்கான ஷிக் சோதனையால் பெயர் பெற்றவர் அவர். தீட்டு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்த கதை இது. அப்படியொரு நஞ்சு நிரூபிக்கப்படவில்லை. வெளியேறுவது ரத்தமும், கரு தங்குவதற்காக வளர்ந்த சவ்வும்தான். ரத்தத்தைச் சுத்திகரிப்பது கல்லீரல், சிறுநீரகங்களின் வேலை. ஆண் உடலிலும் பெண் உடலிலும் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அதற்காக யாரையும் மூன்று நாள் திண்ணையில் உட்காரவைப்பதில்லை.

ஆனாலும் ‘க்ளீன்’ என்ற சொல்லை முழுக்க வெறுக்க எனக்கு மனம் வரவில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் நிபந்தனைகளோடு கருக்கலைப்பை அனுமதித்தது, மாமியார்கள் அனுமதித்தார்களா? தானாகக் கலைந்ததா, இவள் கலைத்தாளா என்பதை அந்தச் சொல் மூடிவிடுகிறது. பல பெண்கள் அதற்குள் ஒளிந்து பிழைத்திருக்கிறார்கள். ஒளிய இடம் கொடுக்கும் சொல்லே அவளை அழுக்கானவள் என்றும் சொல்கிறது.

ஊருக்கு என்ன சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். மருத்துவருக்கு அந்தச் சலுகை கிடையாது என்பேன். “கரு நிற்கவில்லை. உள்ளே மிச்சமிருக்கும் திசுவை எடுக்கிறோம்” என்று அவளிடம் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. ‘சுத்தம்’ என்று கேட்டவள், தான் எதைத் தின்றோம், எங்கே போனோம் என்று தேடத் தொடங்குகிறாள். ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி குரோமோசோம் பிழையால் கலைபவை. பார்க்க வருகிறவர்களோ, “பப்பாளி சாப்பிட்டியா?” என்கிறார்கள்.