யாருடைய பழமையைப் பேணுகிறோம்?

பழமையைப் பேணுதல் நன்றென்பதில் நமக்குள் கருத்து வேறுபாடில்லை. எதனைப் பேணுவது, யாருடைய நினைவாகப் பேணுவது என்று கேட்கும்போதே விவாதம் பிறக்கின்றது. இங்கிலாந்தின் பாத் நகர வரலாறு இவ்வினாவைத் தெளிவாக்குகின்றது.

அந்நகரிலுள்ள றோயல் கிறெசென்ற் என்னும் பிறைவடிவ வீட்டுத் தொடரை வடிவமைத்தவர் இளைய ஜோன் வூட். 1767இல் தொடங்கிய வேலை சுமார் எட்டாண்டுகள் நடைபெற்றது. 30 வீடுகளுக்கும் ஒரே முகப்பு, வரிசையாக நெடுந்தூண்கள். ஆயின் வூட் வகுத்தது முகப்பை மட்டுமே. முகப்பின் ஒவ்வொரு பகுதியையும் பெற்றவர் அதன் பின்னே தத்தம் விருப்பப்படி வீட்டைக் கட்டிக்கொண்டார். எனவே முன்புறம் சீராகவும் பின்புறம் பலவாறாகவும் அமைந்தது. உலகம் பார்ப்பதற்கென ஒருமுகம். உள்ளே வேறொரு வாழ்க்கை!

1967இல் முதலாம் இலக்க வீடு நகரின் பழமை பேணும் அமைப்பொன்றுக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது. அது புதுப்பிக்கப்பட்டு 1970இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. அதே காலப்பகுதியில் அதே நகரில், கைவினைஞரும் தொழிலாளரும் வாழ்ந்த பழைய சிறுவீட்டு வரிசைகள் பல இடித்துத் தள்ளப்பட்டன. அடம் பேர்கசன் 1973இல் வெளியிட்ட நூல் இவ்வழிவைக் கண்டித்தது.

அவ்வீடுகள் வசதியற்றவை, மக்களுக்குப் புதிய இல்லங்கள் வேண்டாவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. எந்த மனிதனும் பிறர் கண்டு களிப்பதற்காக ஈரச் சுவர்களுக்குள் வாழவேண்டியவனல்லன். ஆயினும் செல்வர் வீடு பழுதுற்றால் திருத்தம், உழைப்பாளி வீடு பழுதுற்றால் தகர்ப்பு என்னும் அளவுகோலை நாம் ஏற்க முடியாது. பழுது இரண்டிற்கும் பொது, மதிப்பே வேறாயிற்று.

அவ்வாறெனில் மாளிகைகளை வெறுப்பதா? அன்று. அவற்றின் கற்களைச் செதுக்கியவை உழைப்பாளரின் கைகளே; அவ்வழகு அவர்களுக்கும் உரியது. வேண்டுவது மறைக்கப்பட்ட பாதியை மீட்பதாகும். முதலாம் இலக்க வீட்டிலிருந்து ஒருகாலத்தில் பிரிக்கப்பட்ட வேலையாட் பகுதி மீண்டும் அதனோடு இணைக்கப்பட்டு, 2013இல் மக்கள் பார்வைக்கு வந்தது. இன்று அங்கே செல்வோர் விருந்து மண்டபத்தோடு சமையற்கட்டையும் காண்கின்றனர். விருந்தை உண்டவர் மட்டுமன்றி அதனைச் சமைத்தவரும் வரலாற்றிலே இடம்பெறுகின்றனர்.

புனரமைப்பு என்பது சுண்ணமும் கல்லும் மட்டும் பற்றிய தொழிலன்று. அது நீதி பற்றியதொரு தீர்ப்பு. முகப்பை மட்டும் காப்பவன் பாதிப் பொய்யைக் காக்கிறான். பின்கட்டின் கதவையும் திறந்து வைக்கும்போதே பழமை மக்களின் உடைமையாகின்றது.