நீதிபதி அல்லாதவரின் வேட்டி

2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் நடந்த ஒரு நூல் வெளியீட்டுக்கு உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டியில் போனார். விழா நடந்த கிரிக்கெட் சங்கக் கிளப் அவரை உள்ளே விடவில்லை. வேட்டிக்கு அங்கே இடமில்லை என்பது அன்றைய விதி. விஷயம் சட்டமன்றம் வரை போய், அடுத்த மாதமே ஒரு சட்டம் வந்தது. வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ உடுத்தி வருபவரைப் பொது இடங்களில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

நல்ல சட்டம்தான். ஆனாலும் அன்று எழுந்த கோபத்தின் வேரைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். நீதிபதிக்கே இந்தக் கதியா என்றுதான் ஊர் கேட்டது. ஒரு மாட்டு வியாபாரி அதே வேட்டியில் வந்து அதே வாசலில் நின்றிருந்தால் சட்டமன்றம் அதைப் பேசியிருக்குமா?

ஆளின் தோற்றத்தை வைத்து எடைபோடாதே என்று நாம் சொல்லிக்கொடுக்கும் விதத்திலேயே ஒரு கோணல் இருக்கிறது. காசியில் ஆதிசங்கரர் வழிவிடச் சொன்ன சண்டாளர் சிவபெருமானாக இருந்தார் என்கிறது கதை. பிச்சைக்கார வேடத்தில் வரும் ராஜாக்கள் பாட்டிக் கதைகளில் ஏராளம். உருவத்தைப் பார்த்து இகழக் கூடாது என்னும் புகழ்பெற்ற குறள்கூட வினைத்திட்பம் அதிகாரத்தில் இருக்கிறது. பெரிய தேருக்குச் சின்ன அச்சாணி எவ்வளவு முக்கியம் என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். (குறளைக் குறை சொல்வதற்கில்லை. அது செயல்வீரர்களைப் பற்றிப் பேசும் இடம். அதை எல்லா வாசலுக்கும் பொதுவாக்கியது நாம்.) பார்த்து நடந்துகொள், இவர் பெரிய ஆளாக இருக்கலாம் என்பதுதான் இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம். சரி, இல்லையென்றால்? அழுக்குச் சட்டைக்குள் கடவுளும் இல்லை, கோடீஸ்வரரும் இல்லை, அழுக்குச் சட்டை போட்ட ஒருவர்தான் இருக்கிறார் என்றால் இகழலாமா? அந்த இடத்தில் நம் கதைகள் கைவிட்டுவிடுகின்றன. அவை கற்றுத்தருவது மரியாதையை அல்ல, ஆள் தெரியாமல் மாட்டிக்கொள்ளாதிருக்கும் சாமர்த்தியத்தை.

முன்பின் தெரியாதவரை எடைபோடாமல் வாழ முடியுமா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரவில் ஆளில்லாத பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்கும் பெண்ணிடம், வருகிறவரையெல்லாம் நம்பு என்று உபதேசிக்க யாருக்கும் உரிமையில்லை. அவர் நாலடி தள்ளி நிற்கலாம், போனைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். அதனால் வந்தவர் எதையும் இழந்துவிடுவதில்லை. அதிகாரம் கையில் இருப்பவரின் சந்தேகம் வேறு வகை. அது வேலையைப் பறிக்கும், வாடகை வீட்டைப் பறிக்கும், சமயத்தில் ஒருவரை லாக்கப்பிலும் தள்ளும். பயந்தவருக்குக் காட்டும் சலுகையை வாசலைக் கையில் வைத்திருப்பவருக்கும் காட்ட முடியாது.

2023 மார்ச் 30 அன்று கோயம்பேட்டிலுள்ள ஒரு திரையரங்குக்கு ‘பத்து தல’ படம் பார்க்க நரிக்குறவர் குடும்பம் ஒன்று வந்தது. கையில் டிக்கெட் இருந்தும் ஊழியர் விடவில்லை. வீடியோ பரவியதும் திரையரங்கு விளக்கம் தந்தது: படம் யு/ஏ சான்றிதழ் பெற்றது, 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அனுமதிப்பதில்லை. அப்போதைய விதிப்படி யு/ஏ என்றால் அந்த வயதுக் குழந்தைகள் பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்றே அர்த்தம். பெரியவர்கள் கூடவேதான் நின்றார்கள்.

அந்த ஊழியரைத் திட்டித் தீர்ப்பது சுலபம். யாரைத் தடுத்தால் வேலை போகும், யாரைத் தடுத்தால் ஏனென்று கேட்க நாதியில்லை என்ற கணக்கை அவராகக் கண்டுபிடித்திருக்க மாட்டார். சீருடையைக் கழற்றிவிட்டுப் போனால் அவரையே நிறுத்தும் வாசல்கள் இந்த நகரத்தில் நிறைய உண்டு. அன்று கணக்கு பிசகியதற்குக் காரணம் அங்கே கூடியிருந்த ரசிகர்கள். ஏன் விடவில்லை என்று அவர்கள் கேட்டார்கள். குடும்பம் உள்ளே போனது. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வந்துவிடக் கூடாது என்பதால் அனுமதித்ததாகத் திரையரங்கு தன் அறிக்கையில் சொன்னது. டிக்கெட் வைத்திருந்தார்கள், அதனால் விட்டோம் என்று சொல்லவில்லை.