ஆற்றுதல்

“குழந்தைக்குண்ணே, நல்லா ஆத்திக் குடுங்க.” டீக்கடையில் இப்படிக் கேட்டால் மாஸ்டர் கூடுதலாக நான்கு முறை ஆற்றுவார். மேல் கையிலிருந்து கீழ்க் கைக்குப் பால் நீண்ட இழையாக இறங்கும். காற்றுப்படும் பரப்பு விரிய விரிய, ஆவி சீக்கிரம் பிரிந்து சூட்டையும் கொண்டுபோய்விடும்.

தமிழில் புண்ணுக்கும் கோபத்துக்கும் பசிக்கும் துக்கத்துக்கும் இதே சொல்தான். புண் ஆறுகிறது, சினம் ஆறுகிறது, மனம் ஆறுகிறது. வயிறு எரிகிறது, நெஞ்சு கொதிக்கிறது என்று நோவையெல்லாம் சூடாகவே பேசிப் பழகிய மொழிக்கு, தணிவதற்கும் அடுப்படிச் சொல்லே வாய்த்திருக்கிறது. மலேசியத் தமிழர் “பசியாறிட்டீங்களா?” என்று நலம் விசாரிப்பார்கள். இலங்கையில் பணி ஓய்வு பெற்றவர் ‘இளைப்பாறிய ஆசிரியர்’. எவ்வளவு பரிவான பட்டம்!

வடலூர் தருமச்சாலையில் பசித்தவர்க்குச் சோறிட 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசியை நெருப்பு என்றே எழுதியவர் அவர். ஒரு நெருப்பை ஆற்றுவதற்காக இன்னொரு நெருப்பை அணையாமல் காக்கிறார்கள் அங்கே.

துக்க வீட்டில்தான் இந்தச் சொல்லின் பொருள் மறந்துபோகிறது. “அழாதீங்க, ஆக வேண்டியதைப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, ஆறுதல் கூறியதாக நினைத்துக் கிளம்பிவிடுகிறார்கள். அசைக்காமல் வைத்த பாலில் மேலே ஆடை படியும். அடியில் நாக்கைப் பொசுக்கும் சூடு அப்படியே இருக்கும். அழக்கூடாது என்று அடக்கப்பட்டவரின் நிலையும் அதுதான்.

கிராமத்துப் பெண்களுக்கு இது தெரியும். வட்டமாக உட்கார்ந்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். போனவர் உழுத நிலம், கட்டிய வீடு, வாங்கித் தந்த சேலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய் எடுத்துச் சொல்லி அழுவார்கள். வாசலில் புதிதாக ஒருத்தி வந்து இறங்கினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்தச் சூடு கைமாறிக் கைமாறித்தான் குறைகிறது. அதை வெறும் சடங்கு என்று ஒதுக்கிய வீடுகளில் இப்போது பிளாஸ்டிக் நாற்காலிகளும் தாழ்ந்த பேச்சும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. அது பெரிய இழப்பு.

ஆனாலும், அடுப்பு மூட்டாத அந்த வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு தூக்குவாளி வந்துவிடும். “தொண்டை காஞ்சிருக்கும்க்கா, ஒரு வாய் குடிங்க” என்று காப்பியை டம்ளரில் ஊற்றி, இரண்டு முறை ஆற்றி, கையில் கொடுத்துவிட்டு, கொண்டுவந்தவள் அருகிலேயே உட்கார்ந்துகொள்வாள்.